அமிர்தராஜின் முன்பல்

கரோலின் மரப்பலகையில் அப்பாவின் மீசையைச் செதுக்கி முடித்து உதட்டுக்குள் உளியை இறக்கியபோது கைபேசி மூன்றாம் முறையாக அடித்தது. தாஜுன்னிசா அதை எடுத்து அவள் காதருகே பிடித்தாள்.

“பன்னண்டு மணிக்குள்ள படம் வரலீன்னா ஃபிளெக்ஸுக்குச் சொல்லிப்போடுவேன் அம்மணி,” என்றான் அண்ணன் மெல்வின். “நாலு மணிக்கு அடக்கம். செவுத்துல ஒண்ணையுமே காணோமேன்னு வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க.”

“அந்தப் பாஸ்போர்ட் போட்டோவையா போடப்போறீங்க? அதுல அப்பா திருடி மாட்டுனவராட்ட இருக்காருங்ணா.”

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. “சரி, வெரசலா வா.”

அமிர்தராஜ் முந்தின நாள் மாலை நான்கு ஆப்பம் சாப்பிட்டு, ஐந்தாவதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழவில்லை. வயது எண்பத்தொன்று. தெருவில் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பார்க்கும்போதெல்லாம், “எனக்கு நீயே செதுக்கிப்போடு கண்ணு. சிரிச்ச மொகமா இருக்கோணும். பாக்கற புள்ளைக பயப்படக் கூடாது,” என்று சொல்லிவந்தார்.

பெரியநாயக்கன்பாளையத்தில் முன்பு மோட்டார் பட்டறையாக இருந்த கூடம் அது. மரத்தில் செதுக்கி அச்செடுக்கும் ஓவியர்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தாஜுன்னிசாவும் கிஷனும் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்திருந்தார்கள்; ஒருத்தி மை குழைத்தாள், ஒருவன் தாள் வெட்டினான்.

பலகையில் வெட்டிய இடம் தாளில் வெள்ளை. விட்ட இடம் கறுப்பு. அதனால் மீசையில் உளி அதிகம் படவில்லை. பல்வரிசை வந்ததும் கை தானாக ஓடியது. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணுக்கு அந்த வெளிர்மரச் சுருள்கள் ஆப்ப ஓரம் போலத் தெரிந்தன. அவள் சிரித்துவிட்டாள்.

“ஏனுங்க்கா?” என்றான் கிஷன்.

“அஞ்சாவது ஆப்பம் இன்னும் அடுப்பு மேடையிலயேதான் இருக்குது.”

மூவரும் சிரித்தார்கள். மை உருட்டி, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தார்கள். தாளைத் தூக்கியதும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அமிர்தராஜ் வந்தார். பன்னிரண்டு பிரதிகள். கீழே பெயரைக் கிஷன் தூரிகையால் எழுதினான்.

மை காயும் முன்பே தெருச் சுவர்களில் ஒட்டினார்கள். வீட்டு வாசலில் ஒட்டிய படத்தின்முன் கூட்டம் கூடியது. எல்லோரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்கள்.

அம்மா கிருபாவதி சவப்பெட்டியருகிலிருந்து எழுந்து வெளியே வந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“யாருங்க இது?” என்றாள்.

“அப்பவே சொன்னேன்,” என்றான் மெல்வின்.

“அம்மா…” என்று கரோலின் பக்கத்தில் போனாள்.

கிருபாவதியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று இரண்டு பெண்கள் பிடிக்க ஓடினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “கோயில் மைதானத்துல வாலிபால் பந்து பட்டு முன்பல்லு போயி இருவது வருசமாச்சு. கட்டுங்க, கட்டுங்கன்னு கெஞ்சுனேன். ஓட்டையில விசிலடிச்சு அம்பயர் வேல பாக்கறேன், கட்டுனா வேல போயிருமுன்னாரு. இப்பத்தான் கட்டிப்போட்டு வந்திருக்காரு பாருங்க!”

வாசல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. பைபிளோடு நின்ற பாஸ்டரும் வாயைப் பொத்திக்கொண்டார். கரோலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு பல்லை வெட்டாமல் விட்டிருக்க வேண்டும்.

கிருபாவதி பெருவிரலைப் படத்தின் மீசையில் வைத்தாள். மை இன்னும் ஈரமாக இருந்தது. அதைத் தொட்டு மேல்வரிசையின் நடுப் பல்லில் அழுத்தினாள்.

“இப்பத்தான் உங்கொப்பன்.”

பிறகு வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மத்ததெல்லாம் எங்கெங்க ஒட்டியிருக்குது?”

“பெட்டியை எடுக்கணுமுங்கம்மா,” என்றார் பாஸ்டர்.

“அவரு இருப்பாருங்க. இன்னும் பதினொரு பல்லுதான்.”

அவள் முன்னால் நடக்க, துக்கத்துக்கு வந்தவர்கள் பின்னால் போனார்கள். பேக்கரிச் சுவரில் இருந்த படம் எட்டாத உயரத்தில் இருந்தது. கடைக்காரர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். கிருபாவதி ஏறினாள். மெல்வின் மண்டியிட்டு, ஆடிய ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.