விளிம்பு தேய்ந்த பள்ளம்

“பதினோராம் நம்பர் மலையோட பழைய நிலப்படம் வேணும். இப்பவே எடுங்க.”

நான் கேட்டதும் பெரிய கிளாக்கர் மரியரட்ணம் பேனாவை மூடினார். மேசைக்கு முன்னால் நின்ற அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் லீவு கேட்கலாம், கூரைத் தகரம் கேட்கலாம், நோயாளியை ஏற்ற லொறி கேட்கலாம். காகிதம் மட்டும் கேட்கவே கூடாது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா சொல்லி வளர்த்தது இது. அப்பா நல்லமுத்து, எங்கள் தோட்டத்தின் சங்கத் தலைவர்.

போன மழையில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான மூன்றாம் லயத்தின் பின்சுவர் வெடித்துப் பிளந்தது. பதினெட்டுக் குடும்பத்துக்கும் பதினோராம் நம்பர் மலையில் காணி தருவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. நாளைக் காலை அடிக்கல். முதல் கல் எங்கள் வீட்டுக்கு. அந்த இடத்தைக் கேட்டு வாங்கியவரே அப்பாதான். எல்லாமே சரிவாக இருக்கிற எங்கள் பக்கத்தில் சமதரை கிடைப்பது அபூர்வம். கடும் வெயிலிலும் அந்த மலை மட்டும் வாடாது, மண் எப்போதும் ஈரம். நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

“படம் எதுக்கு மகள்?” என்றார் மரியரட்ணம். நாளைக்கு நல்ல காரியம் நடக்கப்போகிறது, இப்போது எதற்கு இதெல்லாம் என்று இழுத்தார்.

பையிலிருந்த என் ஆய்வறிக்கையைத் திறந்து மேசையில் வைத்தேன். முழுப் பக்கத்துக்கு நிலாவின் ஒரு பள்ளம்.

“கருகுன ரொட்டி மாதிரி இருக்கு” என்றார் மரியரட்ணம். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் முழுக்க நான் இந்த ஒரு பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்கல் மோதிய நாளில் கூராக எழுந்திருந்த விளிம்பு மழுங்கி, வெறும் மேடாகப் படுத்துவிட்டது. வடக்கு விளிம்பின் மேல் இன்னொரு சின்னப் பள்ளம் விழுந்து அதை உடைத்திருக்கிறது. உட்சுவர் சரிந்து சரிந்து தரையை நிரப்ப, தரை தட்டையாகிவிட்டது. முழு நிலவில் பார்த்தால் அங்கே எதுவுமே இல்லை என்று சத்தியம் செய்யலாம். சூரியன் தாழ்ந்து, சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் விளிம்பின் நிழல் வளைந்து வந்து காட்டிக்கொடுக்கும். தேய்ந்த பள்ளத்தில் சமதரையைக் கண்டால் நம்பாதே, அது எங்கிருந்தோ விழுந்த மண் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் வேலைக்குப் போன நேரம், நோர்வூட் பஸ்ஸுக்காக மேல் ரோட்டில் நின்றேன். பதினோராம் நம்பர் மலையில் போன வாரம்தான் கவ்வாத்து முடிந்திருந்தது. செடிகளை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டதால் மண் அப்படியே தெரிந்தது. எதிர் மலைக்கு மேலாக வெயில் சாய்ந்து விழுந்தது.

நிழல் வளைந்தது.

பிறை மாதிரி, மலையின் உச்சியில் ஒரு பழைய விளிம்பு. கீழே குழிந்த சரிவு. அதற்குக் கீழே, ஆற்றை நோக்கி நாக்கு நீட்டியதுபோல் சமதரை. இங்கே விண்கல் எதுவும் விழவில்லை, மலை விழுந்திருக்கிறது. பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. பிறகு அந்த மலையில் ஏறினேன். விளிம்புக்கு மேலே, புல்லுக்குள், விரல் நுழைகிற அளவுக்குப் புது வெடிப்பு ஒன்று வளைந்து ஓடியது.

இதையெல்லாம் இரண்டு பேருக்கும் சொன்னேன். மரியரட்ணம் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மேனேஜர் துரை கொழும்பிலிருந்து வந்ததும் கேட்கலாம் என்றார் மரியரட்ணம். துரை வரும்போது அடிக்கல் வைத்தாகிவிடும் என்றேன். எப்படியும் படத்தை எடுக்காமல் நான் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் அவர் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார்.

துணியில் ஒட்டிய பழைய படம். பதினோராம் நம்பர் மலையின் நடுவில் ஒரு நீளப் பெட்டி வரைந்திருந்தது. முதுகோடு முதுகாக ஆறும் ஆறும், பன்னிரண்டு காம்பரா அறைகள். பக்கத்தில் நான்கு என்ற இலக்கம். சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்து, ஓரத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரி: ஆகஸ்ட் 1947, சரிவு. கட்டடம் இல்லை. தேயிலை மீண்டும் நடப்பட்டது.

ஆட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்கள் தோட்டத்தில் ஒன்றாம் லயம், இரண்டாம் லயம், மூன்றாம் லயம், ஐந்தாம் லயம். வெள்ளைக்காரனுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்லிச் சிரித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அப்போதுதான் காலையில் பார்த்த இன்னொன்று மண்டையில் இடித்தது. வெட்டிய மலையின் நடுவில் வெட்டாத செடிகள். ஒவ்வொரு கவ்வாத்துக்கும் அதை விட்டுவிடுவார்கள். கத்தி படக் கூடாது, கவ்வாத்துச்சாமிக்கு விட்டது என்பார்கள். கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். அவற்றை நான் எண்ணியதே இல்லை. இப்போது கண்ணை மூடி எண்ணினேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.

“அப்பா, அந்தப் பன்னெண்டு செடி?”

அப்பா முப்பது வருடம் கவ்வாத்துக்காரர்.

“எங்கப்பாவோட அக்கா அங்கதான் கெடக்கு” என்றார். “மூணாவது காம்பரா.”

மரியரட்ணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

“தெரிஞ்சுக்கிட்டா கேட்டு வாங்குனீங்க?”

“வேற எங்க தொரை குடுப்பான்? அஞ்சு எடம் கேட்டேன் புள்ள. அஞ்சும் நல்லா கொழுந்து தர்ற தேயிலயாம், தர முடியாதாம். இது ஒண்ணுதான் கெழட்டுச் செடின்னு தலையாட்டுனான். எழுவத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு. விழ வேண்டியது விழுந்துருச்சு. இனி எங்க விழப்போவுது?”

“மேல வெடிச்சிருக்குப்பா. விரல விட்டுப் பாத்தேன்.”

எங்கள் வீட்டுக்கு முதல் கல்லை அப்பா கேட்டு வாங்கியதுகூட ஏதாவது நடந்தால் தனக்கே முதலில் நடக்கட்டும் என்றுதானோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் கோபம் இரண்டு மடங்காகியது. அந்த வீட்டில் அம்மாவும் படுப்பார், நானும் படுப்பேன். பதினெட்டுக் குடும்பத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர் அவர்களில் ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை.

படத்தைச் சுருட்டினேன்.

“மகள், அது ஆபீஸ் சாமான்” என்றார் மரியரட்ணம். ஆனால் கையை நீட்டவில்லை.

“வச்சிட்டுப் போ” என்றார் அப்பா. “இதையும் விட்டா நமக்கு ஒண்ணுமே தர மாட்டானுங்க. அப்புறம் வெடிச்ச லயத்துலயே கெடக்கணும்.”

அது உண்மைதான். சுவரில் மணி பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் காட்டியது. பன்னிரண்டுக்குக் கொழுந்து நிறுக்க மூன்றாம் லயத்து ஆட்கள் எல்லோரும் நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வருவார்கள். படத்தை விரிக்கத் தராசு மேசை போதும்.

“என்னன்னு சொல்லுவ அவங்ககிட்ட?” அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

நான் அதற்குள் படியிறங்கிவிட்டேன்.