குளம் கூட்டும் அக்காவின் எட்டு நிமிடம்

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதையை நான் மண்டையை உடைத்துக் கண்டுபிடிக்கவில்லை. குளக்கரைப் பூங்காவில் நடைப்பயிற்சி என்று பேர் பண்ணிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே குப்பை அள்ளும் அக்கா வந்து, லைஃப்கார்டு வேலைக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார். வயது நாற்பத்தாறு. தேர்வில் குளத்தை நீந்திக் கடந்து, அக்கரையைத் தொட்டுவிட்டு எட்டு நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். தவறினால் மறுபடி துடைப்பம்தான்.

2

முதல் தொடக்கம்: 'குளம் மௌனமாக அவளுக்காகக் காத்திரு…'

(அடித்துவிட்டேன். மிதிபடகில் பிள்ளைகள் போடும் கூச்சலில் மௌனமாவது மண்ணாவது.)

இரண்டாவதில் அக்காவை நடுக்குளத்தில் மூழ்கடித்தேன். சோகமாக முடித்தால் நாலு பேர் மெச்சுவார்கள் என்ற அற்ப ஆசை. அவரிடமே படித்தும் காட்டினேன்.

"பன்னெண்டு வருஷமா இந்தக் குளத்துல எறங்கிக் குப்பை எடுக்கறேன் சார். முழங்கால் தண்ணியில ஆரம்பிச்சு, தானாவே நீச்சல் வந்துடுச்சு. நீங்க ஒரே வரியில சாகடிச்சிட்டீங்களே."

எனக்கு மானம் போய்விட்டது.

3

தேர்வு நாள். காவல் படகில் அக்காவின் கொழுந்தன், கரையில் கடிகாரத்தோடு அதிகாரி. அக்கா அக்கரையைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர், பாதி வழியில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினார். நான் தண்ணீர் விளிம்புக்கே ஓடினேன்.

ஒன்றுமில்லை. பிக்னிக் வந்த யாரோ முடிச்சுப் போட்டு எறிந்த குப்பைப் பை ஒன்று பாதி மூழ்கிக் கிடந்தது. பழகிய கை சும்மா இருக்குமா?

"அண்ணி, அதை விட்டுட்டு வாங்க, நேரம் போகுது!" என்று கொழுந்தன் கத்தினான்.

அக்கா விடவில்லை. ஒரு கையில் பை, மறு கையில் நீச்சல்.*

(*இதை நான் கட்டிவிட்டதாக நினைப்பவர்களுக்கு: இவ்வளவு நன்றாகக் கற்பனை வந்தால் நான் ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்?)

ஒன்பது நொடி மிச்சம் வைத்துக் கரையைத் தொட்டார். மிதிபடகுகளில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் விடாமல் கை தட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

4

மிதக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டு நீந்தக் கூடாது என்று விதி இருப்பதாக அதிகாரி இழுத்தார். அக்கா பையை அவர் காலடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். சேற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, அதிகாரியின் பூட்ஸை நனைத்தது.

"நல்லாப் பாருங்க சார். இது என்னைத் தூக்கல. நான்தான் இதைத் தூக்கிட்டு வந்தேன்."

அதிகாரி படிவத்தை எடுத்தார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, தேர்ச்சி, தோல்வி என்று. பேனாவை எடுத்தவர் அப்படியே நிற்கிறார். கை தட்டித் தட்டி எனக்கு விரல் மடங்கவில்லை, எழுத முடியாது. அந்தப் பேனாவை வாங்கி நீங்களே டிக் போடுங்கள்.