அண்ணன் சொல்லும் அத்தியாயங்கள்

அனுப்பி இருபது நாள்கூட ஆகவில்லை, நாவல் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. தபால்கார எல்லப்பன் மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த கட்டைக் கோமளத்திடம் நீட்டினான்.

“சாமிக்குப் பத்திரிகை ஆபீஸ்லருந்து பார்சலு வந்துகீதும்மா. இன்னா கனம் கனக்குது பாரு.”

பிரித்துப் பார்த்தாள். தன் கையெழுத்து ஆபீஸில் தெரிந்துவிடக் கூடாதென்று, பக்கத்து வீட்டுச் செங்கமலத்தைக் குண்டு குண்டான எழுத்தில் பிரதி எடுக்கச் சொல்லி அவள் அனுப்பிய அதே தாள்கள்தான். அடியில் ‘திருவேங்கடம்’ என்று அவள் வைத்துக்கொண்ட புனைபெயர்.

கோமளத்தின் அண்ணா பட்டாபிராமன் செங்கற்பட்டில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர். கண்ணில் புரை விழுந்து வேலை போய் இரண்டு வருஷம். பத்திரிகைக்காரர்கள் சிறுகதைகளை அவரிடம் அபிப்பிராயத்துக்கு அனுப்புவார்கள். கோமளம் படிப்பாள், அவர் கேட்பார். பலம் இது, பலவீனம் இது என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள்; விரலைப் பிடித்து அவள் வைக்கும் இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். நாவலை ஆபீஸிலேயே படித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். அவ்வளவு சமர்த்து!

வேறு வழி? நாலு மத்தியானம் தன் நாவலைத் தானே, யாரோ எழுதியது போல வாசித்தாள். மாமல்லபுரத்துக் கடலுக்கடியில் ஒரு நாடு. அங்கே ஜனங்கள் சிப்பி போட்டு மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ராஜா மட்டும் பரம்பரை. சிம்மாசனத்தில் உட்காருகிறவன் தன்கூடப் பிறந்த ஒருத்தரின் குரலை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவன் கட்டளை தண்ணீரில் எடுபடாது. ராஜகுமாரனும் தங்கையும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். கடைசியில் அவன் தங்கை குரல் போக வேண்டாமென்று சிம்மாசனத்தை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். அந்த இடத்தை வாசிக்கும்போது கோமளம் பாதியில் நிறுத்தினாள். மழைச் சாரல் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

“எழுதிக்கோ” என்றார் பட்டாபிராமன். “ராஜாங்க விஷயமெல்லாம் பலம். சிப்பி எண்ணற நண்டுகள் லஞ்சம் வாங்கறதே, எனக்குச் சிரிப்பு வந்துடுத்து. தங்கை சொல்ற அத்தியாயம் அத்தனையும் நன்னா இருக்கு. ஒரு வார்த்தை அதிகமில்லை.”

நாற்பத்திரண்டு வயதில், அண்ணா வாயிலிருந்து இப்படி ஒன்றைக் கோமளம் கேட்டதேயில்லை.

“பலவீனம், அண்ணன்காரன். இவ்வளவு நல்லவன் எந்த ஊர்ல இருக்கான்? எழுதினவனுக்கு அப்படி ஒரு அண்ணன் வேணும்னு ஆசை, பாவம். ஆசையை வெச்சுண்டு ஆளைப் படைக்க முடியாது. அவன் சொல்ற அத்தியாயம் பூராவும் பொய். திருப்பி அனுப்பிடலாம்.”

பேனா நின்றது.

“நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே, அண்ணா?”

“உக்காந்திருப்பேன். அவளுக்கும் அதுதான் நல்லதுன்னு சொல்லிண்டே உக்காந்திருப்பேன். நிஜமான அண்ணன் அப்படித்தான் இருப்பான். அதைத்தானே எழுதணும்?”

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், அவள் புருஷன் செத்துப்போன மறுவருஷம், பட்டணத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வர இயலாது என்று பதில் எழுதினது அண்ணாதான். கீழே ‘கோமளம்’ என்று அழகாக அவரே கையெழுத்தும் போட்டார். உனக்கு இதுதான் நல்லது என்றார். போன வருஷத் தேர்தலில்கூட, ஆளுக்கொரு பெட்டியாக வைத்திருந்ததில் அவர் சொன்ன பெட்டியில்தான் அவள் ஓட்டுப் போட்டாள்.

இப்போது காகிதம் அவள் கையில் இருந்தது. ‘திருப்பி அனுப்பலாம்’ என்பதற்குப் பதில் ‘உடனே பிரசுரிக்கலாம்’ என்று இரண்டே வார்த்தை எழுதினால் போதும். அவருக்கு எங்கே தெரியப்போகிறது? தை மாதமே அச்சில் வந்துவிடும். எழுதிவிடலாமென்று பேனாவை மையில் தோய்த்தாள். ஆனால் அவர் சொன்னது சரி. பாழாய்ப்போன மனுஷன், வாஸ்தவத்தைச் சொல்லிவிட்டார். அந்த அண்ணனை அவள் பார்த்ததேயில்லை.

அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதி முடித்தாள். விரலைப் பிடித்து வைத்தாள். பட்டாபிராமன் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார்.

கோமளம் எழுந்துபோய் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நாவலை முதலில் எழுதிய தன் பழைய நோட்டை எடுத்துவந்தாள். அண்ணன் சொல்லும் கடைசி அத்தியாயம். அவன் சிம்மாசனத்தை விட்டு இறங்குகிற பக்கத்தைக் குறுக்கே அடித்தாள். அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டு கீழே எழுதினாள்: ‘நான் உட்கார்ந்தேன். அவளுக்கும் அதுதான் நல்லது.’

“இன்னும் பேனா சத்தம் கேக்கறதே. என்னடி எழுதறே?”

“விலாசம், அண்ணா.”

அவர் தலையாட்டினார். புரை மூடிய கண்களை அவள் பக்கம் திருப்பி, பேனா நிற்பதற்காகக் காத்திருந்தார். அது நிற்கவில்லை.