ஒரு 'ங்க'வை வெட்டுவது எப்படி

1

இது நக்கல் கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. தீபாவளி மலர் ஒன்றுக்குக் கேட்டிருந்தார்கள். "கோவையில் கலகம்: டீ, சமோசா உண்டு" என்று தலைப்புகூட யோசித்து வைத்துக்கொண்டுதான் ரேஸ்கோர்ஸ் பக்கமிருந்த அந்த அரங்குக்குப் போனேன். வாசலில் காவலாளியிடம், "பங்க் நிகழ்ச்சி இங்கதானுங்களா?" என்று கேட்டேன். "பங்க் சிக்னலைத் தாண்டிப் போகோணுமுங்க. டீசலுங்களா?" என்றார். முதல் பத்தி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பங்க் என்பது கிட்டாரில் மூன்று கார்டு வாசிக்கத் தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தொண்டை கிழியக் கத்தியே சரிக்கட்டிவிடலாம் என்கிற இசை. கனிஷ்கா அதில் பெயர் வாங்கியவள். "ஆண்களின் காதுக்கு அல்ல" என்று போஸ்டர் அடித்து ஆண்கள் கூட்டத்தை அலைமோத வைத்தவள். அன்றைக்கு மேடையில் அவள் வாயையே திறக்கவில்லை. ஒரு லேப்டாப், பொத்தான் வைத்த ஒரு பெட்டி, தனியாள். உலோகத்தில் உலோகம் படுகிற ஒரு தாளம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. டக்க டக்க, ட்டிங், டக்க.

முடிந்ததும் கேள்வி நேரம். ஜிப்பா போட்ட விமர்சகர் எழுந்தார்.

"இந்தத் தாளத்தில் தாய்வழிச் சமூகத்தின் ஆதி நினைவு அதிர்கிறது. இது என்ன தொல்கருவி?"

கனிஷ்கா மைக் பக்கம் குனிந்தாள். "இட்லிக் குண்டாவுங்க."

"இடையில் ஒரு மணியோசை?"

"அதோட மூடிங்க."

அரங்கம் சிரித்தது. நானும்தான். ஜிப்பா விடவில்லை. "இவ்வளவு நேர்த்தியாக வாசித்தது நீங்களா?"

"இல்லீங்க, புவனா. எங்க பழைய டிரம்மர்."

"அடடா, வந்திருக்கிறாரா?"

"செத்துட்டாளுங்க."

மலர் ஆசிரியரிடம் கட்டுரை வராது என்று சொல்லிவிட்டேன். வந்தது இதுதான்.

2

எழுதிப் பார்த்த திறப்புகளை அப்படியே விட்டுவைக்கிறேன். குப்பைத் தொட்டியில் கிடப்பதைவிட உங்கள் கண்ணில் படட்டும்.

"மின்னலைப் போல அவள் மேடையில் தோன்றியபோது—" (அன்று மின்னலும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் கரண்ட் போனதுதான் மிச்சம்.)

"நொய்யல் நதி தன் கரையில் பெண்களின் கண்ணீரை—" (நொய்யலை விட்டுவிடுவோம். அதற்கு ஏற்கெனவே ஆயிரம் தொல்லை.)

"புவனாவைக் கொன்றது—"

இந்த மூன்றாவதை முடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. "மாடிப்படியில் தவறி விழுந்த இளம்பெண் பலி" என்று செய்தித்தாள் முடித்துவிட்டது. நான்கு வரி. பக்கத்திலேயே ஒரு நகைக்கடை விளம்பரம்.

3

மதுக்கரையில் கிட்டார்காரி ஜாஹிதாவின் அத்தை வீட்டு மொட்டை மாடி. தகரக் கூரை, தொட்டால் கையில் ஒட்டுகிற தூசி. அங்கேதான் கனிஷ்கா, புவனா, ஜாஹிதா மூன்று பேரும் வாசித்துப் பழகினார்கள். குழுவுக்கு 'அடங்காதவள்' என்று பெயர். ஊர்க்காரர்கள் விசாரிக்கும்போது மட்டும் "இந்த 'அடங்காதவங்க' எங்க இருக்குறாங்க?" என்று ஆகிவிடும். இந்த மண்ணின் நாக்கு அப்படி. நாயை விரட்டினால்கூட "அக்கட்டால போங்க கண்ணு" என்பார்கள்.*

(* கொஞ்சம் மிகைதான். கல்லை எடுத்த பிறகு "ங்க" வராது. ஆனால் இந்தக் குறிப்பை நினைவில் வையுங்கள். காவல் நிலையத்தில் தேவைப்படும்.)

சென்னையிலிருந்து ஒரு பெண்ணியக் கவிஞர் பாட்டு எழுதிக் கொடுத்தார். "போடா" என்று தொடங்கும். கனிஷ்கா கத்தினால் "போங்கடா" என்று வந்தது. ஒருமை பன்மையாகி, தன் அரசியலே நாசமாகிவிட்டது என்று கவிஞர் கோபித்துக்கொண்டார். கனிஷ்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. புவனாதான் டிரம்ஸ் குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னாள்:

"ஏம் புள்ள, கத்தறது கத்தறோம். கத்திப்போட்டு ஒரு 'ங்க' போட்டா கொறஞ்சா போயிருவோம்?"

அப்படிப் பிறந்ததுதான் அவர்களுடைய பெரிய வெற்றிப் பாட்டு. ஒரே சொல். "மாட்டேனுங்க." தொண்டை நரம்பு தெறிக்க, திரும்பத் திரும்ப. சென்னையில் பாடியபோது முன்வரிசை, "ச்சோ க்யூட்" என்றது. ஓர் இணைய இதழ் "மரியாதையான கலகம்" என்று தலைப்பிட்டது. புவனா அந்த இதழை விரித்து மேலே முறுக்கு வைத்துத் தின்றாள்.

4

புவனாவின் கணவர் தனபாலை என்னால் எழுத முடியவில்லை. துடியலூரில் பம்பு உதிரிபாகப் பட்டறை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுசன். கோபப்பட்டே பார்த்ததில்லை. கலியாணத்துக்கு முன் ஒரு தடவை டிரம்ஸ் செட்டைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக்கூடக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வில்லன் வேண்டும். இவரோ வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மீசையை முறுக்கிவிட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். மோர் நன்றாகத்தான் இருந்ததாம்.

கலியாணம் முடிந்ததும் டிரம்ஸ் பரணுக்குப் போனது. "சத்தம் வேண்டாமுங்க புவனா, அப்பாவுக்கு ஆகாது" என்று தன்மையாகத்தான் சொன்னார். ஜாஹிதா வேலை கிடைத்துத் துபாய் போனாள். கனிஷ்கா தனியானாள்.

தனியானாளா? இசை உலகம் அப்படித்தான் எழுதுகிறது: "பங்கின் ஆவேசத்திலிருந்து மின்னணுவின் தனிமைக்கு." உண்மையில் நடந்தது வேறு. ஒருநாள் கனிஷ்காவின் வாட்ஸப்பில் புவனாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. பேச்சே இல்லை. கரண்டியால் சோத்துக் குண்டாவைத் தட்டிய தாளம். கனிஷ்கா அதை லேப்டாப்பில் போட்டு, நீட்டி, மடக்கி, அடியில் ஒரு ரீங்காரம் சேர்த்துத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் குக்கர் விசிலோடு ஒன்று வந்தது. பிறகு அம்மிக் குழவி, கேஸ் சிலிண்டர், வளையல் கை சமையல் மேடையில் படுகிற சத்தம். மாமியார் சீரியல் பார்க்கிற நேரத்தில் சமையலறையில் ஒரு குழு இயங்கியது. கனிஷ்காவின் தனி நிகழ்ச்சிப் போஸ்டரில் இருந்த 'தனி' என்பதில் பாதிக்கு மேல் புவனா.

கடைசிச் செய்தியும் தாளத்தோடுதான் தொடங்குகிறது. எவர்சில்வர் தட்டு, ஸ்பூன். துள்ளலான நடை. திடீரென்று நிற்கிறது. ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் ஓசை. அப்புறம் புவனாவின் குரல்:

"உடுங்க... வலிக்குதுங்க... உடுங்க."

அவ்வளவுதான். அழுத்தியிருந்த விரல் நழுவியதும் செய்தி தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. கனிஷ்கா அதைக் கேட்டபோது புவனா மாடிப்படியின் அடியில் கிடந்தாள்.

(நான் திருப்பி அனுப்பாமல் இருந்திருந்தால், என்று கனிஷ்கா ஒரு வாக்கியம் தொடங்கினாள். முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.)

5

எந்தக் காவல் நிலையம் என்று எழுதமாட்டேன். அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், நல்ல பசி நேரம். கனிஷ்கா போனை மேசைமேல் வைத்து அந்தக் குரலைப் போட்டாள். புவனாவின் அம்மா மாரியாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். தனபால் தரப்பில் அவருடைய பெரியப்பா தம்பிதுரை. வெள்ளை வேட்டி, விபூதி.

அதிகாரி இரண்டு தடவை கேட்டார்.

"என்னம்மா இது? அடி வாங்குற பொம்பளை 'உடுங்க'ன்னா சொல்லும்? எங்க ஊருன்னா 'விடுறா பாவி'ன்னு தெருவே கூடியிருக்கும். மரியாதையால்ல பேசுது. ஆம்பளை சத்தமும் இல்ல."

"எங்கூட்டுல எப்பவுமே மரியாதைதானுங்க சார்," என்றார் தம்பிதுரை. "புருசன் பொண்டாட்டி ஏதோ வெளையாட்டுக்குப் பேசியிருப்பாங்க. இந்த அம்மணி பாட்டுக்காரிங்க, எல்லாத்தையும் பெருசு பண்ணிப்போடுவாங்க." கனிஷ்கா பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மணி, நின்னுக்கிட்டே இருக்கறீங்க? உக்காருங்க. தண்ணி குடிங்க. இந்தக் கூத்தெல்லாம் உட்டுப்போட்டு ஒரு கலியாணத்தப் பண்ணுங்க. எடம் நாங்களே பாக்கறமுங்க."

மூலையில் புகாரை எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் உள்ளூர்க்காரர். அவருக்குத் தெரியும். இந்த ஊரில் பெண்டாட்டி எரிகிற அடுப்பில் விழுந்துகொண்டே "புடிங்க" என்றுதான் கத்துவாள் என்று தெரியும். எழுதுகிற கை நின்றது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து மாரியாத்தாளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அதிகாரி சொன்னபடியே, 'உரையாடல் மரியாதையான தொனியில் உள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

இந்த இடத்தில் கனிஷ்கா கத்தியிருக்க வேண்டும். வாசகர் எதிர்பார்ப்பீர்கள், நானும் எதிர்பார்த்தேன். மேடையில் ஸ்பீக்கரைக் கிழித்தவள். வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்:

"அப்படி இல்லீங்க சார்..."

தன் காதால் தானே அதைக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. விமர்சகர்கள் இதைத்தான் "குரலைத் துறந்த அழகியல்" என்கிறார்கள்.

6

இந்தக் காட்சிக்கு முதலில் இரவும் மழையும் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். மத்தியானம். காந்திபுரம். ஸ்பீக்கர் கடைகளுக்கு மேலே கனிஷ்காவின் அறை. கீழே டவுன் பஸ்களின் ஹாரன். மாரியாத்தாள் படியேறி வந்து மூச்சு வாங்குகிறார். மறுநாள் பெரிய அதிகாரியிடம் மனு கொடுக்கப் போகிறார். வக்கீல் பென் டிரைவில் அந்தக் குரலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

"கண்ணு, நீங்க பாட்டை எல்லாம் வெட்டி ஒட்டுவீங்களாமா? புவனா சொல்லுவா."

"ஆமாங்கம்மா."

"அப்ப அதுல அந்த 'ங்க'வை மட்டும் வெட்டிப்போடுங்க."

கனிஷ்காவுக்கு முதலில் புரியவில்லை.

"அது இருக்கறதாலதானே நம்பமாட்டேங்கறாங்க? 'உடு, வலிக்குது, உடு'ன்னு இருந்தா நம்புவாங்கல்ல?"

"வெட்டுனா கண்டுபுடிச்சுருவாங்கம்மா. ஒரிஜினல் போன்ல இருக்குது. அப்புறம் நெசமும் பொய்யாயிருமுங்க. கேசே போயிரும்."

"நெசத்தைத்தான் நம்பலையே கண்ணு."

ஆகாது என்று காட்டுவதற்காகவே கனிஷ்கா கோப்பைத் திறந்தாள். குரல் திரையில் மலைத்தொடர் மாதிரி விரிந்தது. 'உடு' ஒரு மேடு. 'ங்க' அதன் பின்னால் ஒரு சரிவு. வெட்டினாள். கேட்டாள். 'உடு'வின் வாலில் மூக்கொலி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் முன்னால் வெட்டினாள். அப்போதும் ஒட்டியிருந்தது. வாய் 'உ' சொல்லும்போதே நாக்கு 'ங்க'வுக்குப் போய்விட்டிருக்கிறது. வேறோர் இடத்திலிருந்து ஒரு துண்டு உயிரெழுத்தை எடுத்து மேலே பூசினாள். இப்போது சுத்தமாக இருந்தது.

"உடு. வலிக்குது. உடு."

மாரியாத்தாள் திடுக்கிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆரு கண்ணு இது?"

"புவனாதானுங்கம்மா."

"எம் புள்ள இப்படிப் பேசமாட்டாளே..."

கீழே ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவர் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பரவால்ல. இதையே குடுங்க."

7

முடிவுகள். கடை விரித்துக் காட்டுகிறேன்.

கலை முடிவு: கனிஷ்கா வெட்டாத குரலை வைத்து ஒரு பாட்டுச் செய்கிறாள். 'ங்க' மட்டும் அரங்கத்தில் அலை அலையாய் மோதுகிறது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். ஜிப்பா அழுகிறார். (அழுவார். அழுதுவிட்டு, சமோசா தீர்வதற்குள் போய்விடுவார். மாரியாத்தாளுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை.)

சினிமா முடிவு: நீதிமன்றம். நீதிபதி பொள்ளாச்சிக்காரர். குரலைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி, "எங்க ஊட்டுப் பொம்பளைக இப்படித்தான் அழுவாங்க" என்கிறார். (எனக்கே ஆசையாக இருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை. ரைட்டரும் உள்ளூர்க்காரர்தானே.)

நேர்மையான முடிவு: கனிஷ்கா மறுத்துவிடுகிறாள். அந்த அம்மாவிடம் "மாட்டேனுங்க" என்கிறாள். பழைய பாட்டின் சொல், புதிய பொருள். (பேராசிரியர்கள் அடிக்கோடு போடுவார்கள். அந்த அம்மா படியிறங்கிப் போவதை யார் எழுதுவது?)

ஒன்றும் சரியில்லை. எனவே அறையை அப்படியே நிறுத்திவைக்கிறேன். லேப்டாப்பில் பென் டிரைவ் செருகியிருக்கிறது. திரையில் இரண்டு கோப்புகள். ஒன்றில் புவனா இருக்கிறாள், யாரும் நம்பமாட்டார்கள். இன்னொன்றை நம்புவார்கள், மாட்டிக்கொள்ளும்வரை. அதில் இருப்பது யாரென்று பெற்றவளுக்கே தெரியவில்லை. மாரியாத்தாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கனிஷ்காவின் கை மவுஸ்மேல் இருக்கிறது, நகரவில்லை; நகர்த்த வேண்டியவன் நான், நான் நகர்த்தமாட்டேன்.

எந்தக் கோப்பு என்று நீ சொல்.

இல்லை, இப்படி அதட்டிக் கேட்க எனக்கும் வரமாட்டேன் என்கிறது. இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன். வாலில் ஒட்டிக்கொண்டேதான் வருகிறது.

சொல்லுங்க.