தெருவைப் பார்த்த செருப்பு

எனக்குத் தூக்கம் வேண்டும். மாமியாரின் படத்திறப்புக்கு வந்த கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றியது அதுதான். லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்து குறுகல். ஷாமியானா போட்ட பிறகு ஒரு ஸ்கூட்டர்கூட நுழைய முடியவில்லை. தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்தவர்களே பாதிப் பேர். இத்தனை பேருக்கும் டீ போட வேண்டும். போட்டேன்.

பிக்கு வந்து பஞ்சசீலம் சொன்னார். நாத்தனார் சங்கமித்ரா வெள்ளைத் துணியை விலக்கினாள். படத்தில் சின்னத்தாயி அத்தை வாயைக் கொஞ்சம் திறந்தபடி இருந்தார். போட்டோ எடுத்தவனைத் திட்டத் தொடங்கிய நேரம் அது. தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவருக்கு, கிடைத்ததிலேயே சாந்தமான படம் அதுதான்.

அப்புறம் மைக் கைமாறத் தொடங்கியது. தங்கவயலில் அத்தையின் பக்கத்து வீட்டில் வளர்ந்த தாஸ் முதலில் பேசினார். சுரங்கத்தில் ஸ்ட்ரைக் நடந்த காலத்தில் அத்தை ஆபீசர் பங்களா கேட்டில் புடவையால் தூளி கட்டி, கைக்குழந்தையைப் போட்டு ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாராம். “பாலுக்கு வழி சொல்ற வரைக்கும் எம்புள்ள இங்கதான் தூங்குவான்னு சொல்லிட்டாங்க. தொர வெளிய வரவே இல்ல. தொரசானிதான் பால் குடுத்து அனுப்பிச்சா.” கூட்டம் கைதட்டியது.

அந்தத் தூளியில் கிடந்த குழந்தை கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. விஜய்குமார், என் கணவர். என்னை விட்டுவிட்டு ஆனேக்கல்லில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தப் போனவர். அவள் தன் பிள்ளைகளோடு கிளம்பிப் போய்விட்டாளாம். போன மழைக்காலத்தில் இவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சரியாக வேலை செய்யவில்லை. தாயின் அடக்கத்துக்கு வரவில்லை. இன்றைக்குத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வீட்டு யூஜின் மைக்கை வாங்கினார். “இந்த ஏரியாவுல சின்னத்தாயிம்மா செருப்பத் திருப்பாத ஆளு யாராச்சும் கீறாங்களா? எஞ்செருப்பையே ரெண்டு வாட்டி திருப்பிட்டாங்க!” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்தவர் பேச்சு பிடிக்கவில்லை என்றால் அத்தை சண்டை போட மாட்டார். எழுந்து போய், வாசலில் கிடக்கும் அவர் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்காருவார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான். ஆனேக்கல்லுக்குப் போன மகன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது, காபி ஆறுவதற்குள் செருப்பு திரும்பியிருந்தது.

அவர்கள் சொன்ன அத்தை எனக்கும் பிடித்தமானவர்தான். ஆனால் கடைசி நான்கு வருஷம் என் கையில் இருந்தவர் வேறு. ஊட்டிய கஞ்சியைத் துப்புவார். “யாருடி நீ, என் வீட்ல?” என்பார். டயப்பர் மாற்றும்போது என் மணிக்கட்டைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. கார்மெண்ட்ஸ் வேலையை விட்டேன். முதுகு போனது. யாரும் மைக்கில் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே தடுத்திருப்பேன். இருந்தாலும் யாராவது சொல்லியிருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் சங்கமித்ரா சமையலறைக்கு வந்தாள். டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“அண்ணி, அண்ணன் இனிமே இங்கயே இருக்கட்டுமே. எங்க வீட்ல மாடிப்படி, அவரால ஏற முடியல. அம்மாவ நீங்க பாத்துக்கின மாதிரி யாரு பாத்துப்பாங்க? உங்களுக்குக் கை பழகிப்போச்சு. கட்டிலும் காலியாத்தான கீது.”

காலியான கட்டில். அதன் ரெக்ஸின் மெத்தையை நேற்றுத்தான் டெட்டால் போட்டுத் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தேன். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. சரி என்று சொல்லிவிட்டால் பேச்சாவது முடியும் என்று தோன்றியது. நான் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

ஹாலில், அத்தையின் கட்டிலிலிருந்து அவர் குரல் கேட்டது. “ஷோபா, கொஞ்சம் வெந்நி வெக்கறியா? காலு இழுக்குது.”

அடுப்பில் நீல ஜுவாலை எரிவதைப் பார்த்த பிறகுதான், அத்தையின் வெந்நீர்ப் பாத்திரத்தை ஏற்கெனவே ஏற்றிவிட்டேன் என்று தெரிந்தது. என் கை என்னைக் கேட்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அவர் வீட்டை விட்டுப் போன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் என் செருப்பு தெருவைப் பார்த்துக் கிடந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். “என்னியும் தொரத்துறீங்களா அத்த?”

“தொரத்தலடி. பெத்தவ நானு, எனக்குத் தலையெழுத்து. நீ ஏன் எனக்குக் காவல் கெடக்குற? வயசு கீது. போ, போய் உம்பொழப்பப் பாரு.”

நான் குனிந்து செருப்பை வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். “அப்ப இருந்து தொலை” என்றார். அன்று மத்தியானம் எனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் இந்த வீட்டில் இருந்தது என் விருப்பத்தில். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அடுப்பை அணைத்தேன். ஹாலைக் கடந்து வாசலுக்குப் போனேன். செருப்புகள் இரண்டு மூன்று ஜோடிதான் மிச்சமிருந்தன. அவருடையது பட்டி வைத்த மருத்துவச் செருப்பு. குனிந்தேன். முதுகு சுரீரென்றது. இடது செருப்பைத் திருப்பினேன். பிறகு வலதையும்.

நிமிர்ந்தபோது அவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தாயியின் மகன். அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

“அண்ணி...” என்று தொடங்கினாள் சங்கமித்ரா.

“அவருக்கு உதவிக்கு ஆள் வை. இல்ல ஹோம்ல சேத்துடு. வாரம் ஒருநாள் வந்து பாக்கச் சொன்னாக்கூட வரேன். இங்க வேணாம்மா. என்னால முடியல.”

 அவர் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்தபடி வாசல்வரை வந்தார். இடது காலைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் தடுமாறினார். பாவமாக இருந்தது. ஒருகாலத்தில் கணவன் அல்லவா. கீழே உட்கார்ந்து அவர் காலை உள்ளே நுழைத்துப் பட்டியை ஒட்டினேன்.

“அம்மா இருந்தா...” என்றார்.

“காபி ஆறுற வரைக்கும்கூட விட்டிருக்க மாட்டாங்க” என்றேன்.

சங்கமித்ரா அவரைத் தாங்கி நடத்திப் போய்ச் சந்துமுனையில் ஆட்டோ ஏற்றும்வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, என் தலையணையை எடுத்துக்கொண்டு வந்து, பட்டப்பகலில், அத்தையின் கட்டிலில் படுத்தேன்.