முன்கூட்டிச் சொன்ன நன்றி

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்ததா, நான்கா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பிலிப்பே இரண்டு விதமாகச் சொல்கிறார். தேவாலயத்தின் பங்கு மடலில் அவருடைய நன்றி அறிவிப்பு வந்தது ஒரு ஞாயிறு. அது மட்டும் நிச்சயம்.

பிலிப் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் பதினாறு வருடமாக ஆய்வக உதவியாளர். தன்னைவிட இளைய ஆசிரியர்களுக்குச் சோதனைக் குழாய் கழுவி வைப்பவர். பி.எட். முடித்திருந்தும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தார். இந்த ஆண்டு அறிவியல் ஆசிரியர் இடம் ஒன்று காலி. தேறினால் அது அவருக்குத்தான் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லியிருந்தார்.

மூன்றாம் முறையும் போய்விடுமோ என்ற பயத்தில், தி.நகரில் ஒரு புடவைக் கடை மாடியில் நடந்த மனப்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். நடத்தியவர் கஸ்தூரிரங்கன்.

“கிடைக்கணும்னு கேக்காதீங்க சார். கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்லுங்க. எழுதுங்க. நாலு பேர் பார்க்கட்டும்.”

மற்றவர்கள் எழுதி வீட்டு அலமாரியில் ஒட்டிக்கொண்டார்கள். நன்றியை எழுதினால் நாலு பேர் பார்க்கும் இடம் என்று பிலிப்புக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பங்கு மடலின் கடைசிப் பக்கம். வரம் பெற்றவர்கள் அங்கேதான் நன்றி சொல்வார்கள்.

‘ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி தந்த புனித அந்தோணியாருக்கு நன்றி. பிலிப், டீனா குடும்பத்தார்.’

மடலை அச்சுக்குத் தயார் செய்யும் ஜோன், “சொல்லவே இல்ல பாத்தியா மச்சி” என்று கோபித்துக்கொண்டதோடு சரி.

பூசை முடிந்ததும் ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். மனைவி டீனா வீடு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பரீட்சையே எழுதல, அதுக்குள்ள என் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கீங்க.”

“மனசுல நம்பிக்கை வரணும் டீனா.”

“வரட்டும். பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட நான் என்னன்னு சொல்றது? அந்தோணியாருக்கே டேக்கா குடுத்தோம்னா?”

மறுநாள் பட்டினப்பாக்கம் மீன் கடையில் பேச்சியம்மாள் ஏலம் போடும் குரலில் கூப்பிட்டாள்.

“இன்னா வாத்தியாரே, பாஸாமே! இன்னும் இன்னாத்துக்கு நெத்திலிய பாத்துக்கினு கீற? வஞ்சிரம் எடு.”

இல்லை என்று சொல்லத்தான் பிலிப் வாயைத் திறந்தார். ‘வாத்தியாரே’ இனித்தது. வாயை மூடிக்கொண்டு வஞ்சிரம் வாங்கினார். அன்று மாலை புத்தகத்தைப் பிரித்தபோது, வயிறு நிறைந்தவன் இலை முன் உட்கார்ந்ததுபோல இருந்தது. ஒரு வரிகூட இறங்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். பத்து நாள் போயிற்று.

சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். “சர்டிபிகேட் நகல் கொண்டாங்க பிலிப். திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டம்.”

பிலிப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் எழுதல சிஸ்டர்.”

“எழுதலையா? அப்போ நன்றி எதுக்கு?”

சிஸ்டர் மேசைக் காகிதங்களை அடுக்கிவைத்துவிட்டு, “நீங்க போகலாம்” என்றார்.

அங்கிருந்து நேரே தி.நகர் போனார். கஸ்தூரிரங்கன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“அங்கதான் சார் தப்பு. முழுசா நம்பியிருந்தா ‘எழுதல’ங்கிற வார்த்தையே உங்க வாயில வந்திருக்காது.”

“சர்டிபிகேட் யார் சார் குடுப்பா? நீங்களா?”

வகுப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிலிப் படியிறங்கிவிட்டார்.

அந்த ஞாயிறே மறுப்பு போடச் சொன்னார். “ரெண்டு வாரமா உனக்காக எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்டா” என்று முனகிக்கொண்டே ஜோன் போட்டான்: ‘தேர்வு இன்னும் எழுதப்படவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.’ அதன்பின் யாரும் கை குலுக்கவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீதமிருந்த நாட்களில் பிலிப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். கோபத்தில் படித்ததெல்லாம் மண்டையில் ஏறியது. நாள்தான் போதவில்லை.

தேர்வில் நூற்றைம்பதுக்கு எழுபத்தொன்பது வாங்கினார். எண்பத்திரண்டு வேண்டும். அந்த இடத்துக்கு அனன்யா என்ற பெண் வந்தாள். இப்போது அவளுக்கும் பிலிப்தான் குழாய் கழுவி வைக்கிறார். சிஸ்டர் வேலூருக்கு மாற்றலாகிப் போனார். கஸ்தூரிரங்கன் பெசன்ட் நகரில் இன்னொரு வகுப்பு தொடங்கியிருக்கிறார். நன்றி அறிவிப்பு கொண்டுவருகிறவர்களிடம் ஜோன் இப்போது அத்தாட்சி கேட்கிறான். டீனா செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாள் செபத்துக்குத் தனியாகப் போய்வருகிறாள். பிலிப் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார். தேதி இன்னும் வரவில்லை.