விரலால் முடுக்கிய ஷவர்

குளியலறை ஷவரைக் கழற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் சங்கையா அடுப்பை அணைக்கச் சொன்னார். உலையில் அரிசி பாதிதான் வெந்திருந்தது.

"குளிக்கிற எடத்துல என்ன வெடிச்சிரப் போவுது? பச்சத்தண்ணியா?" என்றேன்.

"சொன்னதச் செய்யி, சொர்ணம்."

அணைத்தேன். அதோடு விட்டாரா மனுசன்? சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டார். செருப்பைத் தள்ளி விட்டார். உள்ளே கால் வைக்கும் முன் வாசலோரச் சுவரை உள்ளங்கையால் ஒருதரம் தொட்டார். விஸ்வநத்தத்தில் இவர் வேலை பார்க்கிற வெடிக் கம்பெனியில், மருந்து கலக்கும் அறை வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உடம்பிலிருக்கிற கரண்டு அதில் இறங்கிய பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். இந்தச் சுவரில் தகடும் இல்லை, ஒன்றும் இல்லை. சங்கையாவின் கை அது பாட்டுக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அன்றைக்குள் அந்த ஷவர் எனக்கு வேண்டும். நானும் அதே கம்பெனியில் திரி வெட்டியவள்தான். ஷெட்டு தீப்பிடித்ததில் முதுகும் தோளும் வெந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தேன். தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டதால் இரண்டு கையும் நெஞ்சுக்கு மேல் ஏறாது. தண்ணியை மோந்து தலைக்கு ஊற்ற முடியாது. நாத்தனார் ராமுத்தாய்தான் அடுத்த தெருவிலிருந்து வந்து குளிப்பாட்டுவாள். தங்கமானவள், குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் "மதினி, கண்ண மூடிக்கோங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும். செல்போன் கடை வைத்திருக்கிற மகனுக்குப் பெண் பார்க்கிற வயதில், துணியில்லாமல் குந்தி இன்னொருத்தியிடம் தலையைக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஷவர் வைத்த பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு, ஆள் துணையில்லாமல் குளித்தேன். அதுவும் எங்கள் போர்த் தண்ணிக்குப் பொறுக்கவில்லை. உப்புப் படிந்து ஓட்டையெல்லாம் அடைத்து, மிச்சமிருந்த இரண்டு மூன்றில் ஊசி ஊசியாகப் பாய்ந்தது. கழுத்தோரத்துப் புதுத்தோல் அதைத் தாங்கவில்லை. பழையபடி ராமுத்தாய் வர ஆரம்பித்தாள். தீபாவளி சீசன், லோடு போக வேண்டும் என்று இவர் நாளைக் கடத்திக்கொண்டே வந்தார். சண்டை போட்டுத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தேன்.

ஹார்டுவேர் கடைக்காரர் ஷவரோடு பைப் ரெஞ்சையும் இரவலாகக் கொடுத்திருந்தார். இவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஏங்க, அது எதுக்கு இருக்கு? ஒரு திருகு திருகுங்களேன்."

"இரும்ப இரும்புல போட்டுத் திருகச் சொல்லுதியா? நீயா சொல்லுத?"

அன்றைக்கு ஷெட்டில் இரும்பு வாளி தரையில் இழுபட்ட பொறியில்தான் பற்றியது.

சணல் கயிற்றை நனைத்து, ஷவரின் கழுத்தைச் சுற்றி, கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கோத்து மெதுவாக முறுக்கினார். உப்பு பொருபொருவென உதிர்ந்தது. ரொம்ப நேரம் மல்லுக்கட்டிய பிறகு பழையது கையோடு வந்தது. புதியது இட்லித்தட்டு அகலம். அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரை நோகாமல், இரண்டு விரலால் முடுக்கினார். வெடிக்கு மூடி போடும்போதும் அப்படித்தான் செய்வார், அழுத்தவே மாட்டார்.

"ஆச்சு. போய்க் குளி."

கதவைச் சாத்திக் குழாயைத் திறந்தேன். பூமழை மாதிரி விழுந்தது. ஆகா என்று நினைத்து முடிப்பதற்குள் ஷவர் ஒரு ஆட்டம் ஆடியது. மரை கழன்று மடாரென்று தரையில் விழுந்து உருண்டது. மொட்டைக் குழாயிலிருந்து மொத்தத் தண்ணியும் என் வலது தோளில் கொட்டியது.

"சொர்ணம்! ஏ சொர்ணம்! என்ன சத்தம்?" வெளியே இவர் குரல் உடைந்து போயிருந்தது.

அந்தத் தோள் எனக்குச் சொந்தமில்லாத தோள். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள், தெரியவில்லை. இனி அங்கே உணர்ச்சி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராமுத்தாய் ஊற்றும்போது சத்தத்தை வைத்துத்தான் தண்ணி அங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்வேன். இப்போது அங்கே குளிர்ந்தது.

அடி ஆத்தி! குளிர்ந்தது. பிரமையோ என்று நகர்ந்து நின்றேன், நின்றுபோயிற்று. மறுபடி தோளைக் காட்டினேன், வந்தது. ஆழத்தில் எங்கேயோ ஆரம்பித்து மேலே மேலே ஏறி வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செத்துப்போனதென்று டாக்டரே எழுதிவிட்ட தோலுக்குள் இத்தனை நாள் எது உயிரோடு உட்கார்ந்திருந்தது? யாரைக் கேட்பது? சாமியைக் கும்பிடத் தூக்க முடியாத கைகளை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"ராமுத்தாயக் கூப்புடட்டா? வாயத் தொறந்து பேசு புள்ள!"

"அவ வேண்டாம். நீங்க வாங்க."

"நானா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இவர் என் முதுகுப் பக்கம் பார்த்ததேயில்லை. நானும் காட்டியதில்லை. தாழ்ப்பாளை நீக்கினேன். உள்ளே வந்தவர் தலையைக் குனிந்து, தரையில் கிடந்த ஷவரையே பார்த்தார்.

"வெரலாலதான் முடுக்குனேன். பத்தல போலுக்க. இரு, இப்பவே..."

"அது கெடக்கட்டும். இங்கன கைய வைங்க."

"வலிக்கும் புள்ள."

"வைங்கங்கேன்."

மரையை முடுக்கிய அதே பதனத்தோடு கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணி சில்லென்று வழிந்து கொண்டிருந்தது. அதன் நடுவே வெதுவெதுப்பாக, மருந்து சலித்துக் காய்த்துப்போன உள்ளங்கையும், ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.